நாலும் போட்டால் நேரே

மாமா இறங்கிப் போனதிலிருந்து அது அடித்துக்கொண்டே இருந்தது. டிக்கு டிக்கு, டிக்கு டிக்கு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பச்சை அம்பு இரண்டு, ஒன்று இந்தப் பக்கம் பார்த்து, ஒன்று அந்தப் பக்கம் பார்த்து, ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. நடுவில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தான். அதைத்தான் தங்கமுத்து மாமா கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினார், உண்டியலில் காசைப் போட்டாயிற்று இனிமேல் சாமி பாடு என்கிற மாதிரி. "ரெண்டே நிமிசம் கண்ணு. நாலு லைட்டும் போட்டாச்சு, ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்." இறங்கியவர் குனிந்து பின் சீட்டைப் பார்த்து, "மாப்ள, தேங்கா பன்னு திங்கிறியா? கோர்ட்டுல எந்நேரம் ஆகுதோ என்னமோ" என்றார். தரணி கண்ணைத் திறக்கவில்லை. சீட்டின் நீளத்துக்கு வலது காலை நீட்டி, ஊன்றுகோலை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தான். தூங்குகிறவனின் மூச்சு அது இல்லை என்று முன்னால் உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். "செரி, தூங்கட்டும்" என்று அவளிடம் கண்ணைக் காட்டிவிட்டு பேக்கரிக்குள் போய்விட்டார். இன்றைக்குக் கோர்ட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அண்ணன் அந்த ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, ஒத்துக்கறேங்க ஐயா என்று சொல்லப்போகிறான். அஜாக்கிரதையாகவும் கண்மூடித்தனமாகவும் வண்டி ஓட்டினேன், ஒத்துக்கறேன். ஒரே ஒரு வார்த்தை. மாமாதான் சொல்லிக்கொடுத்திருந்தார். அதற்கு நல்ல சட்டையாகத் தேய்த்துக்கூடக் கொடுத்திருந்தாள் அம்மா. டிக்கு டிக்கு, டிக்கு டிக்கு.

நாலு லைட்டும் போட்டாச்சு. அப்படியென்றால் என்ன, வண்டி இந்த இடத்தில் இல்லை என்று அர்த்தமா? பேக்கரி வாசலில் ஓரமாக நிறுத்த இடமில்லை. ஒரு குட்டியானை வண்டி, தார்ப்பாய் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் குடங்களோடு, பின்பக்கத்தைப் பாதி ரோட்டில் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் காரைச் செருகப் பார்த்தார் மாமா, பாதிதான் போயிற்று, மீதி ரோட்டிலேயே நின்றது. எதிர்ப் பக்கம் லாரியும் பஸ்ஸும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தன. நாலு விளக்கு எரிந்துவிட்டால் இது எல்லாமே சரியாகிவிடுமாம். மழை பெய்தால் போடுகிறார்கள். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பெரிய மனிதர் யாராவது வண்டியில் இருந்தால் போடுகிறார்கள். போன் வந்தால், பூ வாங்கினால், ரிவர்ஸ் எடுத்தால், எதற்கென்று தெரியாவிட்டாலும் கை அந்த முக்கோணத்துக்குப் போகிறது. யாரிடமும் கேட்காமல் தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிற மன்னிப்பு. லைசென்சுக்காக எல்எல்ஆர் எடுக்கப் போன அன்று கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வி அவளுக்கு வந்திருந்தது. எச்சரிக்கை விளக்கை எப்போது போட வேண்டும். வண்டி பழுதாகி, நகர முடியாமல், மற்றவர்களுக்கு ஆபத்தாக நிற்கும்போது. அவள் சரியான கட்டத்தைத் தொட்டாள், பச்சை வந்தது. எவ்வளவு எளிய கேள்வி என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டாள். ஆபத்து, என்னால் நகர முடியவில்லை, பார்த்து வாருங்கள். அந்த விளக்குக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். பாவம் அதன் வாயில் ஊரில் உள்ள ஒவ்வொருவனும் அவனவன் சொல்லைத் திணித்துவைத்திருக்கிறான். இதோ வந்துவிடுகிறேன் என்று ஒருவன். நான் முக்கியமானவன் என்று ஒருவன். நேராகப் போகிறேன் என்று ஒருவன். நேராகப் போகிறவனுக்கு எதற்கடா விளக்கு? திரும்புகிறவன்தானே சொல்ல வேண்டும். நேராகப் போவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எவன் இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தான்? பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. மரியாதையாக, சின்னதாக, ஒரே ஒரு தடவை. பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு மினி பஸ்ஸின் மஞ்சள் நெற்றி தெரிந்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு சீட்டில் இன்னும் கீழே நழுவினாள். வண்டி அவளுடையது இல்லை. சாவி அவளிடம் இல்லை. ஆனால் ரோட்டில் போகிறவர்களுக்கு வண்டிக்குள் தெரிகிற தலை அவளுடையதுதான்.

காளிபாளையம் நால்ரோட்டில் அன்றைக்கும் இப்படித்தான் வெயில். பல் டாக்டரிடம் போய்விட்டு அண்ணனும் அவளும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தது, ஊசி போட்டதில் பாதி வாய் மரத்துக் கிடந்தது. தரணி வழியெல்லாம் அவளைக் கிண்டல் செய்துகொண்டு வந்தான். "எப்பவும் பேச மாட்டே, இப்பக் கேக்கவே வேண்டாம்" என்றான். நால்ரோட்டில் வந்து நின்றான். நின்றான், போலீஸில் அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவன் நிற்காமல் போகிறவன் இல்லை. ஆளில்லாத தெருவில் வீட்டுக்குத் திரும்பும்போதுகூட இண்டிகேட்டர் போடுவான். "இவன் பாத்ரூமுக்குத் திரும்பறதுக்கே இண்டிகேட்டர் போடுவான்" என்று மாமாவே எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். பெரிய ரோட்டில் வலது பக்கத்திலிருந்து வந்த ஒரு டவுன் பஸ் நடுவில் நின்றது, அந்தப் பக்க ரோட்டுக்குத் திரும்புவதற்கு எதிர் வண்டிகள் ஓயட்டும் என்று. பஸ் முழுக்க ஜனம். ஜன்னலோரத்தில் ஒருத்தி கொய்யாப் பழம் தின்றுகொண்டிருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து, அதை இடது பக்கமாக ஒட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைக் கார் மூக்கை நீட்டியது. மூக்கின் இடது ஓரத்தில் மஞ்சள் விளக்கு மினுக்கியது. மினுக்கியது, அணைந்தது, மினுக்கியது. "நம்ம ரோட்டுக்குள்ள வர்றான்" என்றான் தரணி. வரட்டும் என்று காத்திருக்கவும் செய்தான், பிறகுதான் கியரைப் போட்டான். அவன் தோளுக்கு மேலாக அவள் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் திரும்பவில்லை. நேராக வந்தது. அதற்குப் பிறகு சத்தம் கிடையாது, தார் ரோட்டின் சூடு தாடையில் பட்டதுதான், வாயின் ஒரு பக்கம் அந்தச் சூடும் இல்லை.

அந்த ஆள் இறங்கினான். சட்டைப் பையில் பேனா குத்தியிருந்தான், நெற்றியில் அழகாகத் திருநீறு. முதலில் தன் பம்பரைப் பார்த்தான். பிறகுதான் தரணியைப் பார்த்தான். "நாலும் போட்டுத்தானே வந்தேன், கண்ணை எங்கே வச்சிருந்தான் இவன்?" என்று பஸ்ஸைப் பார்த்துக் கேட்டான், பஸ்ஸில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதோடு விட்டானா? திரும்ப உள்ளே ஏறினான். விளக்கை அணைத்தான். காரை நகர்த்திக்கொண்டுபோய் ஒரு புளிய மரத்து நிழலில் நிறுத்தினான். வெயிலில் சீட்டு சூடாகிவிடும் அல்லவா. ரோட்டு நடுவில் அண்ணன், கால் வேறு எங்கேயோ திரும்பிக் கிடந்தது, பெரிய ரோட்டில் லாரிகள் வந்துகொண்டேயிருந்தன. அந்த விளக்கு எரிய வேண்டிய நேரம் என்று ஒன்று உலகத்தில் இருக்குமானால் அதுதான், அந்த நேரத்தில் அதை அணைத்துவிட்டான். அவள் துப்பட்டாவை உருவி ரோட்டின் குறுக்கே நின்று வீசிக்கொண்டிருந்தாள். தாடையிலிருந்து ரத்தம் சொட்டியது, அது ரத்தமா எச்சிலா என்றுகூட அந்த மரத்த வாய்க்குத் தெரியவில்லை. பார்த்து வாங்க, பார்த்து வாங்க என்று கத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தது வெறும் ஊளை. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பல் பிடுங்கின இடத்தில் பல் இல்லை, எதிர்ப் பல் வெறும் இடத்தைத்தான் கடிக்கிறது.

"ஏனுங் அம்மிணி!" மினி பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "எடுக்கறீங்களா இல்லீங்களா?" கோபத்திலும் 'ங்க' விடாத ஊர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எடுப்பதா? இந்த வண்டி எங்கே எடுக்கிற மாதிரியா நிற்கிறது, டிரைவர் சீட்டே காலியாக இருக்கிறதே. ஸ்கூட்டரில் போன ஒரு பெண் ஜன்னலோரம் வேகத்தைக் குறைத்து, "நடு ரோட்டுல வண்டியை உட்டுப்போட்டு உக்காந்திருக்கறதைப் பாரு, மகாராணி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள். கோகிலவாணிக்குக் காது மடல் எரிந்தது. நான் இல்லைங்க, என்னுடையது இல்லைங்க. இதைக்கூடச் சொல்ல வரவில்லை. குயில் மாதிரி வாக்கு என்று பேர் வைத்தார்கள், யார் பேரை யாருக்கு வைத்தார்களோ. போலீஸ் ஸ்டேஷனிலும் இப்படித்தான். மரப்பு விட்டிருந்தது, தாடையில் தையல் போட்டிருந்தது, மாமா பக்கத்தில் நின்றார். லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டுக்கிட்டு வந்தாருங்க, ஆனா நேரா வந்துட்டாருங்க. வீட்டிலிருந்து வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியம். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "லெஃப்ட்டு இல்லேம்மா, நாலும். நாலும் போட்டா நேராப் போறான்னு அர்த்தம். காலேஜெல்லாம் படிச்சிருக்கே, இதுகூடத் தெரியாதா?" என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். பிறகு மாமாவும், சின்னதாக, அவர்கள் சிரித்துவிட்டார்களே என்று சிரித்தார். அந்தச் சின்னச் சிரிப்பைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இல்லைங்க நான் பார்த்தேன் என்ற அடுத்த வாக்கியத்தை வீடு திரும்பும் வழி நெடுக மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டு போனாள்.

மாமா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. அப்பா போன பிறகு அந்த வீட்டில் பல்பு மாற்றுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் மாமாதான். தரணியை ஆஸ்பத்திரியில் தூக்கிப் படுக்கவைத்ததும், பெட் பான் எடுத்ததும், இன்றைக்குக் கடைக்கு லீவு விட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்திருப்பதும் அவர்தான். நால்ரோட்டுக்கே போய் விசாரித்துவிட்டும் வந்தார். டீக்கடைக்காரர் பார்த்தாராம், பஞ்சர் கடைக்காரர் பார்த்தாராம், எதிரில் நின்ற எல்லாரும் பார்த்தார்களாம். "நாலுந்தான் கண்ணு எரிஞ்சிருக்குது. நீ பயத்துல ஒண்ணைப் பாத்திருப்பே" என்றார் தலையைத் தடவி. பயத்தில் இரண்டாகத் தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பயத்தில் நாலு ஒன்றாகுமா? அதோடு பயம் பிறகுதானே வந்தது, பார்க்கும்போது என்ன பயம், பல்லைப் பிடுங்கிய வாயோடு சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தரணி கட்டிலில் படுத்தபடியே கேட்டான். "நெசமாவே நீ பாத்தியா கோகி, இல்ல எனக்காகச் சொல்றியா?" அவள் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நீயும்தானே பார்த்தாய் என்று அவனை உலுக்கியிருக்க வேண்டும். நம்ம ரோட்டுக்குள்ள வர்றான் என்று சொன்னது உன் வாய்தானே. ஆனால் அவனுக்கு அந்த நாளில் பல் டாக்டர் வீட்டுப் படிக்கட்டுக்குப் பிறகு எதுவும் ஞாபகம் இல்லை. அவள் சொல்வதுதான் அவனுடைய ஞாபகம். அதையும் ஊரே சேர்ந்து பொய்யாக்கிவிட்டது. "எம்மேலதான் தப்பு. நாந்தான் பாத்திருக்கோணும்" என்று அவன் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் எப்போதாவது சொன்னான், பிறகு தினமும். "உன்ற மூஞ்சியில தையல் போட வச்சதும் நாந்தான்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்போதுதான் மாமா வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், ஒத்துக்கிட்டா ஒரே நாளுல முடிஞ்சுது, இல்லாட்டி வருசக் கணக்குல அலையோணும். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். தரணி தலையை ஆட்டினான். அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

அவள் கண்ணே அவளை ஏமாற்றியதோ? இந்த மாதங்களில் அந்த வெள்ளைக் காரை எத்தனை தடவை அந்த நால்ரோட்டுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள். பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது. சில தடவை அதன் முகத்தில் ஒரு விளக்கு எரிகிறது. அவர்கள் சொன்னதையே கேட்டுக் கேட்டு இப்போதெல்லாம் சில தடவை இரண்டும் எரிகிறது. அப்படியானால் அவள் பொய்க்காரி. அண்ணனைக் காப்பாற்றக் கண்ணைப் பொய் சொல்லச் சொன்னவள். அந்த டீக்கடைக்காரருக்கு என்ன, அவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார். அவரும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை, பிறகு யார்தான் சொன்னது? டிக்கு டிக்கு, டிக்கு டிக்கு. நால்ரோட்டுக்கு நாலு லைட்டு, கணக்கு அவர்களுக்குச் சரியாகத்தான் வருகிறது. பின்னால் திரும்பினாள். "அண்ணா" என்றாள். "ம்" என்றான் கண்ணை மூடியபடியே. ஒத்துக்காதே. ஒரே வார்த்தை, அவனுடையதைப் போலவே ஒரே ஒரு வார்த்தை. இந்த இடத்தை விட்டால் கோர்ட் வாசலில் வக்கீல் இருப்பார், ஜனம் இருக்கும், அங்கே அவளால் நிச்சயம் முடியாது. வாயைத் திறந்தாள். "ஜன்னலை இன்னும் கொஞ்சம் எறக்கட்டுமா?" என்றாள். "வேண்டாம்" என்றான். சீ. தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. கண்ணாடி வழியாகப் பேக்கரி தெரிந்தது. மாமா கல்லா முன்னால் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ரெண்டு நிமிசம். உலகத்தில் உள்ள எல்லா ரெண்டு நிமிசத்தையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

ஹாரன் இப்போது மரியாதையை விட்டுவிட்டது. ஒரே நீட்டாக நீட்டியது, அதன் பின்னால் வேறு வண்டிகளும் சேர்ந்துகொண்டன. "ஏம்மா, காது கேக்குதா இல்லையா?" மினி பஸ் டிரைவர் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே கொண்டுவந்திருந்தார். "ரைட்டு இண்டிகேட்டரைப் போட்டுட்டு நிக்கறீங்கொ, எடுக்கப்போறாங்களாட்ட இருக்குதுன்னு நானும் வழி உட்டுட்டு நிக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறீங்கொ! எடுக்கறதா இருந்தா எடுங்கொ, இல்லாட்டி லைட்டை அணைங்கொ, நான் தாண்டிப் போயிக்கிறேன்!" அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, கசப்பாக. ரைட்டாம். இந்த ஊரில் யாருக்குத்தான் கண் இருக்கிறது. நாலும் எரிகிறது ஐயா, நாலும், இதோ என் கண் முன்னால் இரண்டு அம்பும் சேர்ந்து துடிக்கின்றன, ரைட்டு மட்டும் போட்டிருக்கிறது என்கிறாயே, பயத்தில் ஒன்றைப் பார்த்தாயா நீயும்? அந்த இடத்தில் நினைப்பு இடறியது. முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றது. நீயும். இந்த ஆளுக்கு என்ன பயம்? இவன் யாரைக் காப்பாற்றுகிறான்? எதற்காக நாலை ஒன்று என்கிறான்? வெயிலில் உட்கார்ந்து, ஒரு வண்டி நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு, வழி விட்டுக் காத்திருக்கிற மனுசன், தான் பார்த்ததைச் சொல்கிறான். அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள், வெளியே அத்தனை பேர், அத்தனை முகம். பிறகு இறங்கிவிட்டாள்.

குட்டியானையைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தாள். தார்ப்பாய்க்கு வெளியே பிதுங்கிய குடங்கள் தோளில் இடித்தன. மினி பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் போய், ரேடியேட்டர் சூடு முதுகில் அடிக்கிற அளவுக்குப் பின்னால் தள்ளி நின்று, திரும்பிப் பார்த்தாள். குடங்கள். குடங்களுக்கு அந்தப் பக்கம், மாமாவின் காரில் பாதி. பாதி கார், பாதிக் கண்ணாடி, ஒரே ஒரு விளக்கு. வலது ஓரத்தில் அது மினுக்கியது, அணைந்தது, மினுக்கியது. இதோ கிளம்புகிறேன், வழி விடுங்கள் என்று யாராக இருந்தாலும் படிக்கக்கூடிய மாதிரி, அவ்வளவு தெளிவாக. அவளுக்கு அந்தக் கொய்யாப் பழம்தான் முதலில் வந்தது. ஜன்னலோரத்தில் அந்தப் பெண், கொய்யாப் பழம், ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே தகரம், தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீண்ட வெள்ளை மூக்கு. முழு மூக்குகூட இல்லை. பஸ் நடுவில் நின்றது. இத்தனை நாளும் அது அவள் ஞாபகத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது, சுவர் மாதிரி. எதையோ மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது என்று தோன்றவே இல்லை. டீக்கடை பெரிய ரோட்டின் எதிர்ப் பக்கம், பஸ்ஸுக்குப் பின்னால் தள்ளி, அங்கிருந்து பார்த்தால் பஸ் மறைக்காது. அவருக்கு நாலும் தெரிந்திருக்கும், எப்படித் தெரியாமல் போகும். அவர் பார்த்ததும் நிஜம், நான் பார்த்ததும் நிஜம். பயத்தில் பார்த்தேனாம். தலையைத் தடவினார்களாம். காலேஜ் படிச்சும் தெரியலையாம். இருபத்து நாலு வருஷக் கூச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு மினி பஸ் பக்கம் திரும்பினாள்.

"டிரைவரண்ணா!" என்றாள். தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூடக் கழுத்தை நீட்டினார்கள். "அந்தக் கார்ல எந்த லைட்டுங்க எரியுது?"

"வெளையாடறீங்களா அம்மிணி? ரைட்டு இண்டிகேட்டர்!"

"வேற எதுவும் எரியலீங்களா?"

"வேற என்னத்தை எரியும்? தீபமா ஏத்தி வச்சிருக்குது?" பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள்.

சத்தம் கேட்டு மாமா ஓடிவந்தார். ஒரு கையில் பன்னுப் பொட்டலம், மறு கையில் காகிதக் கப்பில் டீ. என்ன ஏது என்று கேட்கவில்லை, ஹாரன் அடித்தவனைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "ஏப்பா, எதுக்கு இந்தக் கத்துக் கத்தறே? நாலும் போட்டுத்தானே நிறுத்தியிருக்கறேன்? கண்ணை எங்க வச்சிருக்கறே?" என்றார்.

கோகிலவாணி அவரையே பார்த்தாள். அந்தச் சட்டைப் பையில் மட்டும் ஒரு பேனா இருந்திருந்தால் போதும். அதே வார்த்தை, அதே வேகம். நல்ல மனுசன் வாயிலிருந்தும் அது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. "நாலு எங்கீங்க இருக்குது?" டிரைவரும் விடவில்லை. "எறங்கிப்போன உங்களுக்கு நாலு. எனக்கு ஒண்ணுதான். இங்க வந்து நின்னு பாருங்கொ, அப்பறம் என்ற கண்ணைப் பத்திப் பேசலாம்!" மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்று பார்த்தார். குடத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தாடையில் இருந்த தையல் தழும்பைப் பார்த்தார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கப் சாய்ந்து டீ அவர் விரல் வழியாக ஒழுகியது, உதறக்கூட இல்லை. "செரி, செரி. நான் போயி எடுத்துர்றேன்" என்றார் மெதுவாக.

"அணைக்காதீங்க மாமா."

"பின்னால வண்டி நிக்குது கண்ணு..."

"நிக்கட்டும். அணைக்காதீங்க. அண்ணன் பாக்கட்டும்." மாமாவிடம் இந்தக் குரலில் அவள் பேசியதே இல்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார், அதட்டப்பட்ட பள்ளிக்கூடத்துப் பையன் போல.

கார் கதவைத் திறந்தாள். தரணி கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான், எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "எறங்கு" என்றாள். "எதுக்கு?" என்று அவன் கேட்கவில்லை. ஊன்றுகோலை வெளியே வைத்து, காலை இரண்டு கையாலும் தூக்கி இறக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவள் தாங்கப் போனாள், வேண்டாம் என்று தலையசைத்தான். குட்டியானையின் ஓரமாக ஊன்றி ஊன்றி நடந்தான். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் வெறி பிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. அடிக்கட்டும். நொண்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்ததும் மினி பஸ் டிரைவர் மட்டும் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். அவள் நின்ற இடத்துக்கே வந்து நின்றான் தரணி, ரேடியேட்டர் சூட்டுக்கு முன்னால். பார்த்தான். மினுக்கியது, அணைந்தது. அவன் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது, இன்னொரு விளக்கைத் தேடுகிறவன் போல. பிறகு நிமிர்ந்தது. எவ்வளவோ நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"ஒண்ணுதான்" என்றான்.

மாமா பன்னுப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "மாப்ள, கோர்ட்டுக்கு நேரமாச்சு. வக்கீல்கிட்ட வேற நாம ஒத்துக்கறோம்னு..."

"இருங்க மாமா." தரணி அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த விளக்கிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. "கோகி, அன்னைக்கு அந்த பஸ்ஸு எங்க நின்னுச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு ஓரம்கூட மரத்திருக்கவில்லை. "நட்ட நடுவுல நின்னுச்சு" என்றாள், அந்தத் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஒவ்வொருவனுக்கும் கேட்கிற மாதிரி. "எல்லாத்தையும் சொல்றேன். கோர்ட்டுக்கு வந்தும் சொல்றேன்."